தூக்கம் வரலாம்

அட்டையின் பின்பக்கம்
எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது:
தூக்கம் வரலாம்,
வண்டி ஓட்டாதீர், எந்திரம் இயக்காதீர்.
கேட் பூட்டுவதைப் பற்றி ஒன்றும் இல்லை.
அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

பச்சகுப்பம் தாண்டி
பாலாற்றை ஒட்டிப் போகும் தண்டவாளத்தில்
இரவு எட்டு முதல் காலை எட்டு வரை
நான்தான் கேட்.
பாலாறு என்றதும் தண்ணீரை நினைக்காதீர்கள்.
மணல் போன பள்ளம்,
பள்ளம் முழுக்கச் சீமைக்கருவேலம்.
மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கையில்
பார்க்க என்னவோ நன்றாகத்தான் இருக்கும்.

வேலூரில் என் முன்கையில்
பேனாவால் கட்டம் போட்டுச்
சொட்டு வைத்துக் குத்தினார்கள்.
கரப்பான், வீட்டுத் தூசி, பார்த்தீனியம், பூனை முடி
எல்லாம் சும்மா இருந்தன.
பதினான்காவது சொட்டு
கொசுக்கடியாய்த் தடித்து
ஐந்து ரூபாய்க் காசளவு வந்து நின்றது.
டாக்டர் ஹெப்சிபா ஸ்கேல் வைத்து அளந்தார்.
"கருவேலம் பக்கம் போகாம இருக்க முடியுமா?"
வேலை செய்யும் இடத்தைச் சொன்னேன்.
மாத்திரை எழுதினார்.
ராத்திரி படுக்கப் போகும்போது ஒன்று.

ராத்திரி நான் படுக்கப் போவதில்லையே, டாக்டர்.

அதனால் காலையில்.
டூட்டி மாற்றிவிட்டு, எட்டு இருபதுக்கு,
வெயில் ஏறும் நேரத்தில் எனக்கு இருட்டுகிறது.
பகல் தூக்கத்தில் எல்லாக் கேட்டும் திறந்தே கிடக்கும்.
மறுபடி ராத்திரி ஒரு மணிக்கு மேல்
மாத்திரை தேய்ந்து
நெஞ்சுக்குள் ஒரு கீல் கிறீச்சிடத் தொடங்கும்.

ஸ்டேஷன் மாஸ்டர் போனில் நம்பர் தருவார்,
திருப்பிச் சொல்ல வேண்டும்.
"ஏழு. மூணு."
"பின்னால என்னம்மா விசில், வண்டி வந்துடுச்சா?"
"என் மூச்சு, சார்."

போட்டால் மூச்சும் வரும் தூக்கமும் வரும்.
போடாவிட்டால் இரண்டும் வராது.
இந்தக் கணக்கில்தான்
ஆறு வருஷமாகச் சம்பளம்.

மாசி மாதம். மணி இரண்டு பத்து.
பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பைக்.
ஷூ கம்பெனிச் சட்டை போட்டவன், பின்னால் ஒரு பெண்,
நடுவில் துண்டு சுற்றிய பிள்ளை.
"திறங்கக்கா, குழந்தைக்கு இழுக்குது."

சொல்லவே வேண்டாம். அது என் சத்தம்,
சின்ன அளவில்.

நம்பர் கொடுத்தாயிற்று.
கூட்ஸ் வண்டி மேல்பட்டியை விட்டாயிற்று.
திறக்கவில்லை.
அவன் திட்டினான்.
நானாயிருந்தால் இன்னும் கேவலமாய்த் திட்டியிருப்பேன்.

டீ குடித்த பேப்பர் கப்பின் அடியைக் கிழித்து
என் நீல இன்ஹேலரைச் செருகிக்கொண்டு
தடுப்புக்கு அடியில் குனிந்து போனேன்.
மூக்கும் வாயும் மூட வைத்து ஒரு அழுத்து.
பத்து வரை எண்ணு கண்ணு.
அதற்கு எண்ணத் தெரியவில்லை, நான் எண்ணினேன்.
இன்னொரு அழுத்து.
அந்தப் பிள்ளைக்கு
முதல் காற்று டீ வாசத்தோடு போயிருக்கும்.

அதற்குள் வெளிச்சம் தெரிந்துவிட்டது.
பச்சை விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஓடினேன்.
ஐம்பத்தெட்டு வேகன். இத்தனை நீளமாய்
எந்த வண்டியும் போனதில்லை.

கேட்டைத் தூக்கியதும்
"வேலூர் வேணாம், ஆம்பூர் கிட்ட!" என்று கத்தினேன்.
பைக் திரும்பியது.
அந்தப் பெண்ணின் கையில்
என் இன்ஹேலர்.

காலை வரைக்கும் ஐந்தே முக்கால் மணி நேரம்.
பையில் ஒரே ஒரு மாத்திரை,
பின்பக்கம் எறும்பு எழுத்து.
தொடவில்லை.
உதட்டைக் குவித்துக்கொண்டு
கேட் கம்பத்தில் சாய்ந்து நின்றேன்.
"அஞ்சு. ஒம்பது."
"இன்னிக்கு விசில் பலமா இருக்கே."
"ஆமாம் சார்."

குப்புராஜ் வந்து கையெழுத்துப் போட்டார்.
ரோட்டோரம் அந்தக் கப் கிடந்தது.
விடிவதற்குள் ஓரமெல்லாம்
மஞ்சள் தூள் படிந்திருந்தது.
ஊதித் தட்ட வாயருகே கொண்டுபோய்
சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.