இணைப்பு: ஏழு

விண்ணப்பத்தின் அடியில் எழுதச் சொன்னார்கள்,
இணைப்பு: ஏழு.
எண்ணிப் பார்த்தேன், ஆறுதான் இருந்தது.
ஏழாவது, அந்த ஆறும் மெய்யென்று சொல்ல
இன்னொரு தாள்.

மணலி சாலை கண்டெய்னர் யார்டில்
மூன்றாம் நம்பர் கேட் இரவில் என்னுடையது.
பெட்டியின் நம்பர், முத்திரையின் நம்பர்,
டிரைவர் நீட்டும் தாளின் நம்பர்
மூன்றும் பொருந்தினால் கட்டை மேலே போகும்.
பொருந்தாவிட்டால்,
ஓரம் கட்டுங்கண்ணே.
எத்தனை பேரை ஓரம் கட்டியிருப்பேன்.
வண்டி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்கி
இரண்டு நாள் கிடப்பார்கள், மூன்று நாள் கிடப்பார்கள்.

சேப்பாக்கத்தில் என்னை ஓரம் கட்டினார்கள்.

"பத்தாவதோட நின்னுட்டீங்களா?"
"நின்னுட்டேன் சார். அப்புறம்
திறந்தநிலைப் பள்ளில பன்னெண்டு."
"அது பிளஸ் டூ இல்லையேம்மா."
"பிளஸ் டூவுக்கு இணை சார்."
"இணைன்னு யாரு சொன்னது?
அதுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்."
கோபமில்லை அவருக்கு.
நானும் அப்படித்தான் சொல்வேன்,
அதே நிதானம்,
தாளைவிட்டு நிமிராத அதே கண்.

பதினோரு வாரம் ஆயிற்று அது வர.

அதற்குள் பெயரில் ஒரு சிக்கல்.
திறந்தநிலைப் பள்ளி என்னை டீயில் எழுதியிருந்தது,
சமுதாயக் கல்லூரி டியில்.
ஆங்கிலத்தில் நான் இரண்டு பெண்கள்.
தமிழில் எழுதிப் பாருங்க சார், ஒரே சுகந்தி
என்றேன் நோட்டரியிடம்.
சிரித்தார்.
சிரித்துக்கொண்டே முந்நூறு வாங்கினார்.

கல்லூரி என்றால்
தண்டையார்பேட்டையில் டயர் கடைக்கு மேலே
இரண்டு அறை. மாலை ஐந்தரைக்கு வகுப்பு.
கீழே கம்ப்ரஸர் அலறி ஓயும்வரை
பாக்கியசீலி மிஸ்
சாக்பீஸைப் பிடித்தபடி நிற்பார்.
பற்று, கம்ப்ரஸர், வரவு.
முப்பத்திரண்டு வயதில்
முதன்முதலாக முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
மின்விசிறி அங்கேதான் ஓடியது.

பல்கலைக்கழகம் கணக்குப் போட்டது.
நாற்பது கிரெடிட்டில் இருபத்தாறு செல்லும்.
செல்லாத பட்டியலில் முதலாவது
சரக்கு முனைய நேரடிப் பயிற்சி.
ஒன்பது வருடமாக நான் சோறு தின்கிற வேலை.
எங்கள் பாடத்திட்டத்தில் இதற்கு இணை இல்லை
என்று சிவப்பு மையில் குறிப்பு.
வாசிக்க வாசிக்க
அது ஒரு பாராட்டு மாதிரியும் இருந்தது.

சுற்றுச்சூழல் கல்வி மட்டும் திரும்ப எழுதணும்.
அலகு ஒன்று: காற்று மாசு, வரையறு.
படித்தபடியே ஜன்னல் கம்பியை விரலால் தடவினேன்.
கறுப்பாக வந்தது விடை.
இரண்டு மதிப்பெண்.

கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.
நேராக இரண்டாம் ஆண்டு,
முதலாம் ஆண்டில் ஐந்து தாள் பாக்கியோடு.
அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி
வெளியே வந்தால் எதிரே கடல்.
எங்கள் பக்கம் கருங்கல்லைக் கொட்டி
வாயடைத்து வைத்திருக்கிற அதே கடல்
இங்கே குதிரை, சுண்டல், பட்டம் என்று கிடந்தது.
கொஞ்சம் பார்த்தேன்.
ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

இரவு பதினொன்றரை. நாமக்கல் வண்டி.
முத்திரையில் எட்டு, தாளில் மூன்று.
டார்ச் அடித்தேன். அப்போதும் மூன்றுதான்.
அச்சு தேய்ந்திருக்கலாம். தேயாமலும் இருக்கலாம்.
"ஓரம் கட்டுங்கண்ணே."
கட்டினார். பழகிய ஆள்.
போனை எடுத்து லைன் ஆபீஸுக்கு அடித்தேன்,
மணி போய்க்கொண்டே இருந்தது.
வழக்கமாக விடிந்தபிறகுதான் அடிப்பேன்.

மேஜையில் கவிழ்த்திருந்த புத்தகத்தைப் பார்த்து
"படிக்கிறியாம்மா? எத்தினியாவது?" என்றார்.
சட்டென்று வாய் வரவில்லை.
"ஒன்றரையாவது" என்றேன்.

அப்படியும் ஒரு வகுப்பு இருக்கும்போல என்று
தலையாட்டிவிட்டு
வண்டிக்கடியில் பாயை விரித்தார்.