புள்ளி

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி
முந்நூறு தப்படியில் சதானந்தனின் கடை.
என் பட்டறை இந்தப் பக்கம்,
மோட்டார் கழற்றி மாட்டும் இடம்.
போர்டுக்கு எழுத்து வேண்டும் என்று வந்தார்:
அங்கே பார்க்க மலையாளம்,
இங்கே பார்க்கத் தமிழ்.
கள்.
பொள்ளாச்சிக்காரர்களை நம்பித்தான் கடையே என்றார்.

அஞ்சு எம்எம் அக்ரிலிக், செக்கச்சிவப்பு.
மேல்காகிதத்தை உரிக்காமல்
அதிலேயே பென்சிலால் வரைந்தேன்.
ஜிக்சாவை விரட்டினால்
அறுத்த வழி பின்னாலேயே உருகி
ஒட்டிக்கொள்ளும்
அறுக்காதது போல.
கையை அடக்கினேன்.
க வந்தது. மெதுவாக ள வந்தது.

புள்ளியில் பிடித்தது சனியன்.
ஸ்குரூ துளைக்கு
இரும்பு குடையும் பிட்டை அப்படியே போட்டேன்.
மறுபக்கம் எட்டும் நொடியில்
கவ்வி இழுத்து, டப்.
மூன்று துண்டு.

தீட்டுக்கல்லில் வைத்து
பிட்டை மழுக்கினேன்.
தீட்டுக்கல்லுக்கே விளங்கியிருக்காது.
அடியில் பலகை, மேலே சோப்புத் தண்ணீர்.
இரண்டாவது புள்ளியிலிருந்து
அறுபடாமல் சுருண்டு வந்தது சிவப்பு இழை.
விளிம்புக்கு உப்புத்தாள், நனைத்து.

கைரேகை துடைக்க
ஸ்பிரிட் நனைத்த துணியை நீட்டினார் சதானந்தன்.
தட்டிவிட்டேன்.
பட்டால் நரம்பு நரம்பாய் வெடிக்கும்,
இதற்குக் குடி ஆகாது.
அவர் சிரிக்கவில்லை,
குறித்துக்கொள்வது போலத் தலையாட்டினார்.

ஓணத்துக்கு மறுநாள் போன்.
புள்ளியை மட்டும்
எவனோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான்.
கள என்று நிற்கிறதாம் போர்டு.
கூட்டம் குறையவில்லை,
இருந்தாலும் ஒன்று போட்டுக் கொடு என்றார்.

மழுங்கின பிட்டுக்குத்
தனி டப்பா வைத்திருக்கிறேன்.