பதினான்காம் தவணை

கிரிம்ஸ்பியில் விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
விளக்கை அணைத்துவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைவேன்,
திருடனைப் போல.
திருடன் இல்லை, சட்டைப்பையில் அட்டை இருக்கிறது:
கார்த் ஸ்கெல்டன், வாகன மீட்பு முகவர்.
பன்னிரண்டு வருடம்.
தூங்கும் கார்களைத் தூக்கிப் போகிற வேலை.

அன்றைய தாளில்: லோர்னா பிளென்கின்.
இரண்டு தவணை பாக்கி.
சாம்பல் நிற ஃபியஸ்டா,
இடப்பக்கக் கண்ணாடியை டேப் பிடித்திருந்தது.
சரிவுப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தேன்,
தெருமுனையில் வெள்ளை ரப்பர் பூட்ஸ் சத்தம்.
மீன் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து நடந்தே வருகிறாள்,
மூன்று மைல், மழையில்.

"கார் இருந்துமா நடந்தீர்கள்?"
"பேட்டரி செத்துவிட்டது.
அதுகூடத் தெரியாமலா தூக்க வந்தாய்?"

தாளை நீட்டினேன்.
ஒரே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், என்றேன்.
வழக்கமாக அந்தக் குரலிலேயே பாதிப் பேர் பேனாவை வாங்கிவிடுவார்கள்.
தெருவிளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்தாள்:
வாகனத்தை மனமுவந்து ஒப்படைக்கிறேன்.
மனமுவந்து!
சிரித்தாள். "இந்தத் தெருவில் மனமுவந்து
குப்பைத்தொட்டியைக்கூட யாரும் வெளியே வைப்பதில்லை."

உள்ளே போனவள் திரும்பி வந்தாள்,
ஒப்பந்தத்தை மீன் உறைக்குள் வைத்திருந்தாள், ஜிப் போட்டு.
மூன்றாம் பக்கம். கட்டம் போட்ட பத்தி.
விரல் நகத்தில் செதில் ஒன்று மின்னியது.
"மொத்தம் ஒன்பதாயிரத்து அறுநூறு பவுண்டு.
மூன்றில் ஒன்று, மூவாயிரத்து இருநூறு.
அதைக் கட்டியவளிடமிருந்து
அவள் சம்மதிக்காமல் எடுக்க
கோர்ட் உத்தரவு வேண்டும். இருக்கிறதா?"

இல்லை.

"முன்பணம் அறுநூறு.
அப்புறம் மாதம் நூற்று எண்பத்தேழரை, பதினான்கு தடவை.
கூட்டிப் பார்."
ஈரக் கையால் கூட்டினேன்.
மூவாயிரத்து இருநூற்று இருபத்தைந்து.
இருபத்தைந்து பவுண்டு கூடுதல்.
"பதின்மூன்றோடு நின்றிருந்தால் நீ எடுத்துப் போயிருப்பாய்.
பதினான்காவது எது தெரியுமா?
என் துணி உலர்த்தும் இயந்திரம்.
விற்றேன். அதனால்தான் வீடெல்லாம் ஈரம்."
உள்ளே நாற்காலி முதுகுகளில்
பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள்
கை தொங்கக் கிடந்தன.

பாக்கி இல்லை என்று அவள் சொல்லவில்லை.
பாக்கி பாக்கிதான்.
"நீதிபதி கேட்கட்டும், மாதம் எவ்வளவு முடியும் என்று.
அவருக்குச் சொல்வேன். உனக்கு இல்லை."

ஆபீசுக்குப் போன் போட்டேன்.
"எப்படியாவது கையெழுத்து வாங்கு,
நேரமாகிறது" என்றாள் கீலி, ஏதோ மென்றுகொண்டே.

எனக்கு ஏன் அப்போது
ஸ்கன்தார்ப்பின் கூரைக்காரர் ஞாபகத்தில் வந்தார்?
போன வருடம், நவம்பர்.
பாதிக்கு மேல் கட்டியிருந்தவர்.
தாளைப் படிக்கவே இல்லை.
ஏணியைத் தானே இறக்கிவைத்து
சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார்.
நன்றி வேறு சொன்னார்.
அந்தக் கட்டம் போட்ட பத்தி
அவருடைய ஒப்பந்தத்திலும் இருந்தது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
கேட்காதவர்களிடம் நான் சொன்னதில்லை.
எத்தனை பேர் கேட்கவில்லை என்று
எண்ணிப் பார்த்ததும் இல்லை.

பலகையை மேலே ஏற்றினேன்.
அவள் கதவைச் சாத்தாமல் நின்றாள்,
நான் போவதைப் பார்த்தால்தான் நம்புவாள் போல.
பிறகு கேட்டாள்,
கொஞ்சம் வெட்கத்தோடு, கொஞ்சம் அதட்டலோடு:
"உன் லாரியில் கேபிள் இருக்குமே?"

இருந்தது.
சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு.
என் எஞ்சினை ஓடவிட்டேன்.
மூன்றாவது முயற்சியில்
ஃபியஸ்டா இருமி, உதறி, எழுந்தது.
எதிர்வீட்டுத் திரை ஒன்று விலகி மூடியது.

ஆபீஸ் படிவத்தில் நிரப்ப ஒரு கட்டம் உண்டு,
வாகனத்தின் நிலை.
எழுதினேன்:
ஓடுகிறது.