நாலு விரல்

எண்பத்திரண்டு கிலோ நான்.
ஜெயக்கொடி நாற்பத்தேழு.
ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்றபோது
எடை போடுகிறவர் சிரிக்காமல் சொன்ன கணக்கு.
படகுக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது.

குழுக் கடனில் வாங்கிய அலுமினியப் படகு.
பன்னிரண்டடி நீளம், மூன்றே கால் அடி அகலம்.
எந்த வெள்ளத்துக்கோ வாங்கி
ஏலத்தில் கழித்துவிட்டது,
பக்கவாட்டில் பாதி உரிந்த முத்திரையோடு.
கோரையாறு கழியில் சேரும் இடத்தில்
நண்டுக்கூண்டை இழுக்க நான் எழுந்தால்
அதுவும் கூடவே எழும்,
ஒரு பக்கம் மட்டும்.

மூன்று முறை கவிழ்ந்தோம்.
முதல் முறை சிரித்தோம்.
இரண்டாம் முறை பதினாறு கூண்டு போனது.
மூன்றாம் முறை கரையேறி
முந்தானையைப் பிழிந்தபடி ஜெயக்கொடி சொன்னாள்:
"நீ வேணா கரையில இருந்து கணக்கப் பாரேன்."

நண்டென்றால் எடை கூடக் கூட விலை.
அன்றிரவு நான் சாப்பிடவில்லை.
காலையில் அதே எண்பத்திரண்டு.

மணல்மூட்டை இரண்டு போட்டுப் பார்த்தோம்.
ஆட்டம் அடங்கியது,
தண்ணீர் விளிம்புவரை வந்து
உள்ளே எட்டிப் பார்த்தது.
உட்காரும் பலகையை ஒரு சாண் இறக்கினோம்.
உட்கார்ந்தால் சரிதான்,
உட்கார்ந்துகொண்டு எவள் கூண்டு தூக்குவாள்?

திருத்துறைப்பூண்டியில் ஜன்னல் கம்பி அடிக்கிறவன்
இதென்ன பெரிய வேலை என்று ராடை வைத்தான்.
தகடு நெய்யாய் உருகி
ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை.
அதற்குக் கூலியும் கேட்டான்.

ஓட்டையை அடைக்க பட்டுக்கோட்டைக்குப் போனோம்.
ஆர்கான் வைத்திருந்த ஷேக் முகையதீன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
படகை ஒரு கையால் அழுத்தி விட்டுப் பார்த்தார்.
"தகட்டுல குறையில்ல. இடுப்புதான் சின்னது."
ஜெயக்கொடி என்னைப் பார்க்காமலிருக்க
ரொம்பப் பாடுபட்டாள்.

பக்கத்துக்கு ஒன்றாய்
ஆறங்குல பிவிசி குழாய்.
உள்ளே மூடி முறுக்கிய காலித் தண்ணீர் பாட்டில்கள்,
குழாய் வெடித்தாலும் மிதக்கட்டுமென்று.
யோசனை அவளுடையது.
கல்யாண மண்டபத்துக்குப் பின்னால்
சாக்கோடு நின்று பொறுக்கியது நான்.
குறுக்கே இரண்டு சதுரச் சட்டம்.
போல்ட்டுக்கு அடியில் பழைய டியூப்பை வெட்டி வைத்தோம்;
இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால்
உப்புத்தண்ணீரில் ஒன்றை ஒன்று தின்னுமாம்.
"எது எதைத் தின்னும்?" என்று கேட்டேன்.
"அலுமினியம்தான் கரையும்" என்றார் முகையதீன்.

முதல் ஓட்டத்தில்
குழாய் இரண்டும் தண்ணீரில் படுத்துக் கிடந்தன.
படகு ஆடவில்லை.
நகரவுமில்லை.
அலையாத்தி மூச்சுவேர் ஒவ்வொன்றும்
கடன்காரனைப் போல் பிடித்து நிறுத்தியது.
துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு
"இதுக்கு மணலே தேவல" என்றாள் ஜெயக்கொடி.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அகிலன்
வாசலில் சைக்கிள் ஓட்டினான்.
பின்சக்கரத்துக்கு இருபுறமும் குட்டிச் சக்கரம்.
குனிந்து பார்த்தேன்.
இரண்டும் தரையைத் தொடவில்லை.
பயல் சாயும்போது மட்டும்
ஒன்று தொடுகிறது, டக்கென்று.
நிமிர்ந்ததும் விட்டுவிடுகிறது.
"இன்னொரு தடவ சாயுடா" என்றேன்.
பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டான்.

ராத்திரியே ஸ்பேனரும் டார்ச்சுமாய்ப் போய்
சட்டத்துக்கு அடியில் கட்டை கொடுத்தேன்.
குழாய் இரண்டும்
தண்ணீரை விட்டு மேலே ஏறி நின்றன.
கொசு கடித்ததெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

விடியலில், கழி நடுவில்,
கயிற்றைப் பிடித்து எழுந்தேன்.
படகு என் பக்கம் சாய்ந்தது.
ஜெயக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள்.
குழாய் தண்ணீரை ஒரு அறை அறைந்தது,
நின்றது.
நானும் நின்றேன்.

மொத்தம் பதினோரு நண்டு.
ஒன்றுக்கு ஒரு கொடுக்கு இல்லை.
அவள் கொடுக்குகளைக் கட்டிக்கொண்டே,
கரை தெரியும்வரை பேசாமல் வந்து,
கேட்டாள்:
"எத்தன விரல் தூக்கி வச்ச?"

"நாலு."

"உன் விரலா, என் விரலா?"

"என் விரல்தான்."

"அப்ப சரி" என்று
துடுப்பை என்னிடம் நீட்டினாள்.