எட்டு மில்லி விநாடி

வளையத்துக்குள் அலை ஓடத் தொடங்கி
இன்றோடு பதினேழு நாள்.
அதன் கணக்கில்
எட்டு மில்லி விநாடிகூட ஆகவில்லை.

இந்தப் பதினேழு நாளில் விமானபுராவில்
தண்ணீர் லாரி ஐந்து முறை வந்தது.
கீழ்வீட்டு நாகவேணிக்கு நிச்சயமாகி
இனிப்புப் பெட்டி மாடியேறி வந்தது.
எனக்குக் காய்ச்சல் கண்டு, விட்டது.
அது முப்பத்தாறாவது சுற்றில் இருந்தது.

மற்ற எஞ்சின்களில் எரிபொருள் அடக்கமாக எரியும்,
எரிகிற வழியில் அழுத்தத்தைத் தொலைக்கும்,
நூற்றுக்கு ஐந்து.
டர்பைன்கள் காலங்காலமாய்க் கட்டும் கப்பம்.
கப்பம் கட்டாத நெருப்பு வேண்டும் என்றார்கள்.
எரியாதே, வெடி.
வெடித்தும் சிதறாதே, சுற்று
என்று சொல்லி அதை உள்ளே விட்டேன்.

நான்கு கோடிக் கட்டங்கள்.
ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டத்திடம்
சூடு என்ன, வேகம் என்ன என்று
விசாரித்துக்கொண்டே இருக்கும்.
எங்கள் அடுக்ககத்தில் அந்த வழக்கம் இல்லை.

ஒன்பதாம் நாள் இரவு
எதிர்த்திசையில் இன்னொரு அலை முளைத்தது.
நான் வைக்கவில்லை.
சத்தியமாக நான் வைக்கவில்லை.
இரண்டும் மோதின, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளிவந்தன,
திரும்ப மோதின.
ஏதோ ஒரு கட்டத்தில் வெப்பம்
இருக்கவே முடியாத எண்ணுக்குப் போய்
எல்லாம் நின்றது.
நேரத் தாவலைப் பாதியாக்கி
மூன்று நாள் பின்னால் போய்
மறுபடி பற்றவைத்தேன்.
மறுபடி வந்தது. இந்த முறை
ஒன்று மற்றதைத் தின்று செரித்தது.

இன்று காலை விடை.
அழுத்த ஆதாயம்: மைனஸ் ஆறு.
ஆதாயம் பெயரோடு சரி.
காற்று உள்ளே நுழையத்
துளைகளுக்குக் கொடுத்த கூலி
வெடித்துச் சம்பாதித்ததைவிட அதிகம்.

ஹொசமனி சார் நாற்காலியைத் திருப்பினார்.
"சராசரியை நிறையை வைத்து எடுத்தாயா?
பரப்பை வைத்து எடுத்துப் பாரேன்."
பார்த்தேன்.
பிளஸ் இரண்டு.
அதே வளையம், அதே அலை,
ஒரு துளி நெருப்பு கூடவில்லை.
அவர் சிரிக்கவில்லை. நானும்.

அப்போது பழைய ஓடுபாதையிலிருந்து
ஒரு விமானம் கிளம்பியது,
நூற்றுக்கு ஐந்தைத் தொலைத்தபடியே.
கண்ணாடி அதிர்ந்தது.
டம்ளரில் ஆறிப்போன காபியில்
வட்டம் வட்டமாய் அலை.

அறிக்கையில் இரண்டு எண்ணையும் எழுதினேன்,
மைனஸை முதலில்.
துளைகளை அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தி
திரும்ப அனுப்பியிருக்கிறேன்.
கணினி வரிசையில் எனக்கு முன்னால்
பதினோரு பேர்.