சிவப்பு விளக்கின் பக்கம்

பெர்கன் துறைமுகத்தில்
பயணச்சீட்டு விற்கிறேன், பதினாறு வருடமாய்.
வடக்கே போகிறவர்களிடம்
வாய் தானாகச் சொல்லும்:
வலப்பக்கம் எடுங்கள்.
மலை, அருவி, ஊர் எல்லாம் அங்கே.
இடப்பக்கம் பெரும்பாலும் கடல்தான்,
கடலை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?

இதற்குள் எத்தனை பஞ்சாயத்து.
அந்தி எந்தப் பக்கம் விழும் என்று
பிரெமன் நகரத்துப் பல் மருத்துவர்
திசைகாட்டியையே என் மேசைமேல் வைத்தார்.
தேனிலவுக்கு வந்த இருவர்
ஆளுக்கொரு பக்கம் கேட்டு, முறைத்து,
கடைசியில் சன்னலே இல்லாத நடு அறையைப்
பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு
சிரித்தபடி போனார்கள்.

ரன்வெய் வந்தது ஒரு நவம்பர், மழை.
(இந்த ஊரில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)
மீன் வாடை அடிக்கும் உறைக்குள்
எண்ணி வைத்த குரோனர் தாள்கள்.
"சிவப்பு விளக்கின் பக்கம் ஒன்று கொடுங்கள்."

சட்டென்று பிடிபடவில்லை எனக்கு.

கப்பலின் இடத் தோளில் சிவப்பு,
வலத் தோளில் பச்சை;
மாலுமிக்கு அது அரிச்சுவடி.
இவளுக்கு அது சமையலறைச் சன்னல்.
ஸ்கார்வோய்த் தீவின் கடைசி வீடு.
வடக்கே போனால் சிவப்பு,
தெற்கே வந்தால் பச்சை,
நடுவே ஒரு தெரு நீளத்துக்கு வெளிச்சம்.
முப்பத்தொரு வருடமாய்
இரவு ஒன்பது நாற்பதுக்கு
ஈரத் துணியோடு கையசைக்கிறாள்.

"என் வீட்டை அங்கிருந்து பார்க்க வேண்டும்.
ஹல்வாருக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது.
விளக்கை மூன்று தடவை
அணைத்து அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்."

எத்தனை நிமிடம் தெரியும் என்று
வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தோம்.
நான்கு. மூடுபனி இல்லாவிட்டால்.
உயிர்காப்புப் படகு மறைக்காத அறையாய்த்
தேடித் தேடிக் கொடுத்தேன்.

டிசம்பரில் திரும்பி வந்தாள்.
கையுறையைக் கழற்றவில்லை.

"ஹல்வார் ஐந்து தடவை போட்டார்,
எண்ணிக்கை அவருக்கு என்றைக்குமே வராது.
வீடு தெரிந்தது. கொட்டகை தெரிந்தது.
நான் அசைத்தது அவருக்குத் தெரியவில்லையாம்.

ஆனால்
அந்தப் பக்கத்துத் தளத்தில் என்னைத் தவிர
ஒருவரும் இல்லை.
சன்னலெல்லாம் திரை போட்டிருந்தது.
ஏதோ ஊர் வெளிச்சம் தெரிகிறதென்று
எல்லோரும் வலப்பக்கம் நின்றார்கள்.
எப்போதுமே அப்படித்தானா?"

நான் அச்சு இயந்திரத்தில்
தாள் தீர்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன்.
தீரவில்லை.

அடுத்த வாரம் டென்மார்க்கிலிருந்து இருவர்.
எந்தப் பக்கம் நல்லது?
வலப்பக்கம், என்றது வாய்.
பிறகு நான் சொன்னேன்:
முதல் இரவு, ஒன்பது நாற்பதுக்கு மட்டும்
இடப்பக்கத் தளத்துக்குப் போங்கள்.
நான்கு நிமிடம்.
அங்கே என்ன இருக்கிறது?
ஒரு வீடு.
கையை அசையுங்கள்.

அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டார் கணவர்.