வெட்டு

பிப்ரவரி ஞாயிறு. செகெட் நகரத்துப் பள்ளி ஒன்றின்
விளையாட்டுக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
திவதாரின் மேசை.
தட்டுக்கொரு பேரரசு, விலைச்சீட்டோடு.

நான் இறைச்சிக் கடைக்காரன்.
நேற்றிரவு எலுமிச்சை போட்டுத் தேய்த்தும்
நகக்கண்ணில் வாடை போகவில்லை.
பூதக்கண்ணாடியோடு வந்தவர்கள் நடுவே
வெறுங்கையோடு வந்தவன்.

அந்த வெள்ளிக்காசில் ஒரு பசு
கழுத்தைத் திருப்பிக் கன்றைப் பார்க்கிறது.
கன்று முட்டி முட்டிக் குடிக்கிறது.
தெற்கே ஒரு கடலோர ஊர் அடித்தது, என்றார்,
ஈராயிரம் ஆண்டு இருக்கும்.
உள்ளங்கையில் வைத்தேன்.
அரை கிராம் குறைகிறதே, என்றேன்.

அவர் தராசைத் தொடவில்லை.
சிரித்துக்கொண்டே காசைத் திருப்பி
விளிம்பைக் காட்டினார்.
உளி அல்ல, கத்தி. ஒரே வெட்டு.
வெள்ளித் தோலுக்கு அடியில் செம்பு.
அன்றைக்கே பிடிபட்ட கள்ளக்காசு.

எந்தச் சந்தை, யார் கை?
அவனுக்கும் உள்ளங்கை உறுத்தியிருக்கும்.
பேச்சை வளர்க்காமல் கத்தியை எடுத்திருக்கிறான்.
சாய்வைப் பார்த்தால் வலக்கைக்காரன்.
பசுவின் மேல் படாமல் வெட்டியிருக்கிறான்,

அல்லது கை தவறி
அப்படி அமைந்திருக்கலாம்.

மற்றதெல்லாம் எட்டாயிரம் ஃபோரிண்ட்.
இந்தச் செல்லாக்காசு மட்டும் பன்னிரண்டு.
மல்லுக்கட்டியதில் ஐந்நூறு இறங்கினார்.
வீட்டில் பிரோஷ்காவிடம்
எட்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

தாள்களை எச்சில் தொட்டு எண்ணி வைத்தேன்.
திவதார் ஒவ்வொன்றாக எடுத்து
குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.